கண்டக்டருக்கு வந்த நோய்

“சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சாய்யா இது?” டிரைவர் டிபன் பாக்ஸைப் பட்டென்று மூடினார்.

“மூலம்னா என்ன கெட்ட வார்த்தையாண்ணே? எனக்கு வந்திருக்கு, சொல்றேன்” என்றார் கண்டக்டர். எட்டு வருஷமாக அவரோடு அதே பஸ்ஸில் ஓடுகிறவர்.

ஒரு வாரமாக டெப்போவில் இதே கூத்து. ‘மூலவர்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். மனுஷன் அதற்கும் சேர்ந்து சிரித்தார்.

“உள்மூலத்துல நாலு நிலை. முதல் ஆள், சமர்த்தா சீட்டுல உக்காந்திருக்கிற பயணி. வெளியில தலையே காட்டமாட்டான். ரெண்டாவது, முக்கினா படிக்கட்டு வரைக்கும் வந்துட்டுத் தானா உள்ள போயிடுவான். மூணாவது ஆளை நாம கையால தள்ளினாத்தான் போவான். நாலாவது, எவ்வளவு விசில் ஊதினாலும் உள்ள வராம ஃபுட்போர்டுலயே தொங்குறவன்!”

மேசையே குலுங்கியது.

“அப்ப வெளிமூலம்?” என்றார் மெக்கானிக்.

“அவன் பஸ்ஸுல ஏறவே இல்லய்யா. பின்னாடி ஏணியைப் பிடிச்சுக்கிட்டு வர்றவன். அதுல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா நீலமா வீங்கிடும். உக்காந்தா உயிர் போகும்.”

“மானங்கெட்டவன்” என்று முணுமுணுத்தார் டிரைவர். ஆனால் எழுந்து போகவில்லை.

இரண்டு மாதமாக டிரைவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. வலியில்லை. அந்த வலியில்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது. பெரிய வியாதிதான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மனைவியிடம்கூட வாய் திறக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வலியே இல்லாம ரத்தம் போனா?” யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டார்.

“பெரும்பாலும் உள்மூலம்தாண்ணே. ஆனா ரத்தம்னா நாமளா முடிவு கட்டக்கூடாது, வேற காரணமும் இருக்கலாம். டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். கடைத்தெரு முனையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. கூச்சமே படவிடமாட்டாங்க.”

மறுநாள் டிரைவர் பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு அங்கே போனார்.

டாக்டரம்மா கருவி விட்டு உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்மூலம், ரெண்டாம் நிலை. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லை. மருந்து தர்றேன். தண்ணி நிறைய குடிங்க, கீரை, காய் சேத்துக்குங்க. முக்காதீங்க.”

இரண்டு மாதப் பாரம் இறங்கியதும் டிரைவருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எங்க கண்டக்டருக்கும் இதேதானாம் டாக்டர். விவஸ்தை கெட்ட ஆளு. ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறான்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஓ, அந்த டிரைவர் நீங்கதானா? அவருக்கு ஒரு மூலமும் கிடையாதுங்க. ‘எங்க அண்ணன் சீட்டுல ரத்தம் பாத்தேன். யாரும் பாக்கிறதுக்குள்ள துடைச்சுட்டேன். கேட்டா கூசிப்போயிடுவாரு. எல்லா வகையும் சொல்லிக் குடுங்க டாக்டர், எனக்கு வந்திருக்குன்னு சொல்லிக்கிறேன்’னு நோட்டும் கையுமா வந்து நின்னாரு.”