பூட்டை மட்டும் தொடக்கூடாது

"யாராவது வெளியேயிருந்து சாவி போட்டா என்ன செய்யணும்?"

"ஊரே கூடுற மாதிரி கத்தணும். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடணும். தினமும் இதையேதான் கேட்கறே, போம்மா!" மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸுக்கு மனசே வரவில்லை. இரவு டியூட்டி. கணவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். உள்தாழ்ப்பாள் போடச் சொல்லலாமென்றால், விடியற்காலைத் தூக்கத்தில் இந்தப் பெண் இடி விழுந்தாலும் எழுந்திருக்காது. டியூட்டி முடிந்து வந்து இவள்தான் வாசலில் நிற்க வேண்டும்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பூட்டால் வந்த வினை.

வீட்டுக்காரரைக் குறை சொல்லக் கூடாது. மாடியில் தனியாக இருக்கிறார், பெரியவர். குழாய் சொட்டினால் அன்றே பிளம்பர் வந்துவிடுவார். கூடவே பெரியவரும் வருவார். வருவதற்கு முன்னால், "இப்ப வரலாமாம்மா, தொந்தரவில்லையே?" என்று போன் வரும். சொந்த வீட்டுக்குள் வர இப்படி அனுமதி கேட்கும் மனுஷரை அவள் பார்த்ததில்லை.

ஆனால் வாசல் கதவில் பதித்திருந்த அந்தப் பழைய பித்தளைப் பூட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகம் மாறிவிடும்.

"வேற எதை வேணா மாத்திக்கம்மா. பூட்டை மட்டும் தொடாதே."

போதாக்குறைக்கு, எப்போது பார்த்தாலும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வயசில் என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று சாயங்காலம் படியில் அவரை மடக்கிவிட்டாள்.

"ஐயா, நேராவே கேட்கிறேன். எங்க கையில இருக்கிறதைத் தவிர இந்தப் பூட்டுக்கு வேற சாவி இருக்கா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இன்னொண்ணு இருக்கும்மா. ஆனா என்கிட்ட இல்லே."

"பின்னே யார்கிட்ட இருக்கு?"

அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

அவளுக்கு வந்ததே கோபம்! "யாரோ ஒருத்தர்கிட்ட எங்க வீட்டுச் சாவி இருக்கு. வயசுப் பொண்ணை உள்ளே விட்டுட்டு நான் வேலைக்குப் போறேன். உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா இந்தத் தவிப்பு தெரியும்!"

பெரியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ சொல்றது நியாயம்மா. மாத்திடறேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது புதுப் பூட்டு பளபளவென்று கதவில் இருந்தது. சாவிகள் பிரிக்காத உறையிலேயே மகள் கையில்.

"நான் ஒண்ணும் எடுத்துக்கலை, அம்மாவையே பிரிச்சுப் பார்க்கச் சொல்லுன்னு சொன்னாரும்மா."

நர்ஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்று வாய் கொஞ்சம் நீண்டுதான் போய்விட்டது. இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டு வரலாம் என்று மாடியேறினாள்.

பெரியவர் வாசலில் குனிந்து மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் கதவில் இருந்த நல்ல பூட்டைக் காணோம். அந்த இடத்தில் அதே பழைய பித்தளைப் பூட்டு, தச்சர் புதிதாக வெட்டிய துளையில் கோணலாக உட்கார்ந்திருந்தது.

"என்னங்கய்யா இது? இதைப் போய் இங்கே..."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்கான்மா. அப்ப நாங்க கீழேதான் இருந்தோம். ஏதோ கோபத்துல, 'வெளியே போடா'ன்னுட்டேன். போயிட்டான். ஆனா சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போனான். திரும்பி வர்ற எண்ணம் இல்லாதவன் சாவியை எதுக்கும்மா எடுத்துக்கிட்டுப் போறான்?"

அவள் அந்தக் கோணல் பூட்டைப் பார்த்தாள்.

"வந்து சாவி போட்டு, அது திறக்கலேன்னா, அப்பன் பூட்டையே மாத்திட்டான்னு நினைச்சுட மாட்டானா? அந்த பயம்தான். இப்ப இங்கே திறக்கும். அவனுக்கு மாடி கட்டினதே தெரியாது. அதனாலென்ன, நான்தான் ஜன்னல்லயே இருக்கேனே. கேட்டைத் தொட்டாலே கூப்பிட்டுடுவேன்."

"ஐயா, பழைய பூட்டையே கீழே மாட்டிடுங்க. நாங்க தாழ்ப்பாள் போட்டுச் சமாளிச்சுக்கறோம்."

"அதெப்படிம்மா? வாடகைக்கு விட்டப்புறம் அது உன் வீடு. உன் பொண்ணு நிம்மதியாத் தூங்கணும். என் ஏக்கம் என் கதவோட இருக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பெரியவரும் எத்தனை நேரம்தான் கண் கொட்டாமல் ஜன்னலில் இருப்பார்? அசந்துபோகிற நேரமும் வருமே.

அன்று இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"தெரியும்மா! யாராவது சாவி போட்டாக் கத்தணும், அத்தையைக் கூப்பிடணும்..."

"கத்தக் கூடாது" என்றாள் நர்ஸ். "ஜன்னல் வழியா மெதுவாச் சொல்லு. 'அண்ணா, மாடிக்குப் போங்க. உங்க சாவிக்கு அங்கே திறக்கும்'னு."