அத்தாவின் தசைநார்

திண்டிவனம் கபடிப் போட்டியில் அஸ்ஃபியாவுக்கு மூட்டு ஜவ்வு அறுந்துவிட்டது. அவள் தொடையிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் வைக்கலாம் என்றார் விழுப்புரம் டாக்டர்.

"என் கால்ல எடுக்காதீங்க டாக்டர். எங்க அத்தா கால்ல எடுத்து வைங்க," என்றாள் அஸ்ஃபியா.

அம்மா நூர்நிஷாவுக்கு வெட்கமாகிவிட்டது. "நாலு பேர இழுத்துக்கினு வந்து கோட்டைத் தொடுவா. கத்தின்னதும் பயத்தப் பாருங்க!"

டாக்டர் சிரித்தார். "பெத்தவங்களோடதும் வைக்கலாம்தாம்மா. ஆனா பதினஞ்சு வயசுல உன்னோடதுன்னா மறுபடி அறுந்துபோற பயம் கம்மி. ஒழுங்கா பயிற்சி பண்ணா, ஒன்பது மாசம் கழிச்சு ஆடலாம்."

"அறுந்தாலும் பரவால்ல. அத்தாவோடதுதான் வேணும்."

"பேஜாரு பண்ணாதடி! அப்படி என்ன பயம் உனக்கு?"

"பயம் இல்லம்மா." அஸ்ஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தா கால் வேணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, குவைத்துல லீவு குடுத்துதானே ஆவணும்? பார்த்து அஞ்சு வருஷமாச்சும்மா."

நூர்நிஷா மகளின் கட்டுப்போட்ட முழங்காலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டாக்டரிடம் மெல்லக் கேட்டாள்.

"அப்படியே எழுதிக் குடுத்துடுறீங்களா டாக்டர்?"