மூன்றாம் சரணத்து இருமல்

“இன்னைக்கும் இருமினான், பாஸ்டர். அதே பாட்டு, அதே மூணாவது சரணம், அதே இடம்!”

ஆராதனை முடிந்து அங்கியைக்கூடக் கழற்றாத பாஸ்டரை அவர் அறையிலேயே மடக்கிவிட்டார் ஆர்கன் ஐயா. சபையில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. ஆர்கன் முன்னால் இருக்கும் அந்த ஸ்டூல்தான் அவருக்கு உயிர்.

“இருமல் யாருக்கும் வர்றதுதானே, ஐயா?”

“பிரசங்கத்துல வராது. ஜெபத்துல வராது. பாட்டுப் பயிற்சியிலகூட வராது. சபை முழுக்க நிக்கும்போது, நான் வாசிக்கும்போது மட்டும் வரும். இது தொண்டையில இருந்து வர்ற இருமலா, பாஸ்டர்?”

இருமுகிறவர் பாடகர் குழுவில் இருக்கும் டெய்லர். ஐயாவின் முதுகுக்கு நேர் பின்னால் நின்று பாடுவார். ஆர்கனுக்கு மேலே, பாஸ்டர் எழுவது தெரிவதற்காக ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. கொஞ்ச காலமாக ஐயா அதில் பாஸ்டரைப் பார்ப்பதில்லை. டெய்லரின் வாயைத்தான் பார்க்கிறார். கட்டைகளைப் பார்த்து வாசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

“அவன் மச்சினன் கீபோர்டு வாசிக்கிறான், தெரியும்ல? என்னைக் கிளப்பிட்டு அவனை உக்கார வைக்க அடி போடுறாங்க.”

பாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“விட்டுடுங்களேன், ஐயா.”

இவரும் உடந்தையா? ஐயாவுக்குச் சுருக்கென்றது.

“அதெல்லாம் முடியாது. ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

டெய்லரைக் கூப்பிட்டார்கள்.

“ஏம்ப்பா, நான் வாசிச்சா மட்டும் உனக்கு எப்படி இருமல் வருது?”

“தொண்டைல ஏதோ கரகரப்பு, ஐயா. மன்னிச்சிடுங்க.”

“டாக்டரைப் பாத்தியா?”

“இல்லீங்க, ஐயா.”

“எப்படிப் பாப்பே? வியாதி இருந்தாத்தானே பாக்கறதுக்கு!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டெய்லர் பாடகர் குழுவில் வேண்டாம், கடைசி வரிசையில் உட்காரட்டும் என்று முடிவானது. அவர் பாடகர் அங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மேஜைமேல் வைத்தார். குழுவுக்கே அங்கி தைத்துக் கொடுத்தவர் அவர்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்பு செய்தவன் எந்த வாயோடு பேசுவான் என்று நினைத்துக்கொண்டார் ஐயா.

வீட்டுக்கு வந்ததும் டி.வி.யைப் போட்டார். அது அலறியது. அவர் மனைவி ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தாள்.

“டெய்லரைத் தூக்கியாச்சு,” என்றார் வெற்றிக் களிப்போடு.

“அந்த மனுஷனையா? ஐயோ, ஏங்க?”

“அவன்மேல உனக்கென்ன அவ்வளவு கரிசனம்?”

அவள் என்னவோ சொன்னாள்.

“வாய்க்குள்ளயே பேசாதே. இப்பல்லாம் எல்லாரும் முணுமுணுன்னுதான் பேசறீங்க!”

“ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்!” என்று கத்திச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். இவளும் எதையோ மறைக்கிறாள். ஊரே ஒன்றுகூடிவிட்டதா என்ன?

அடுத்த ஞாயிறு.

“பரிசுத்தம் ஒரே நாள்ல வானத்துல இருந்து விழாது. பக்கத்துல இருக்கறவருக்குத் தினமும் காட்டுற சின்னச் சின்னக் கிருபையிலதான் அது வளரும்,” என்றார் பாஸ்டர்.

வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருக்கும் ஐயா பலமாகத் தலையாட்டினார். கடைசி வரிசைக்கு நன்றாக உறைக்கட்டும்.

வாராவாரம் பாடும் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. கண்ணாடியில் டெய்லர் நின்ற இடம் காலி. ஐயாவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. முதல் சரணம், இரண்டாம் சரணம், தடங்கலே இல்லை. மூன்றாம் சரணத்தின் முடிவும் வந்தது. இடது கை எட்டிப் போய்க் கடைசி ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டிய இடம்.

லொக்!

ஐயாவுக்கு ரத்தம் கொதித்தது. கண்ணாடியில் சபையைத் துழாவினார். கடைசி வரிசையில் டெய்லர் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி நின்றிருந்தார். சத்தம் வந்தது முதல் வரிசையிலிருந்து. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமியது அவருடைய சொந்த மனைவி. காலையில் ஒரு தும்மல்கூடப் போடாதவள்!

கண்ணாடியிலேயே முறைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் நீரோடு அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஐயாவும் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

சுண்டுவிரல் தப்பான கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. பச்சை அபஸ்வரம். சபைக்கே கேட்டிருக்கும். இருமல் கேட்கும் அவர் காதுக்கு மட்டும் அந்தக் கீழ் ஸ்வரம் கேட்கவே இல்லை.

எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் விரல் அங்கேயே உறைந்துவிட்டது. பாடுகிறவர்கள் நிறுத்திவிட்டு, நான்காம் சரணத்துக்காக அவரையே பார்த்தார்கள். அவமானத்தில் உடம்பு கூசியது. அந்தத் தப்பான ஸ்வரம் இப்போது மறைக்க ஆளில்லாமல் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தப் பழைய இருமல் கிளம்பியது. லொக், லொக் என்று, மொத்தச் சபையும் ஆர்கனை மறந்து தன் பக்கம் திரும்பி முகம் சுளிக்கும் அளவுக்கு, பலமாக.