கியர் இருக்கும் பக்கம்

ஜப்பான் பைக்கில் உட்கார்ந்து, இடது ஷூ முனையைக் கியருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்.

பாதம் எழவில்லை.

இன்னொரு முறை. தொடை எழுந்தது, முட்டி எழுந்தது. கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை.

இடது காலில் நரம்பு போய் ஒரு வருடம் ஆகிறது. மிதிக்கச் சொன்னால் மிதிக்கும். தூக்கச் சொன்னால் தூக்காது. ஜப்பான் வண்டிக்கோ இடது காலால் தூக்கித் தூக்கித்தான் கியர் போட வேண்டும்.

குதிகாலால் மிதிக்கிற கியர் மாட்டித் தருவதாக மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். போய்ப் பால்காரர் வண்டிக்கு மாட்டுங்கள் என்று இவர் கோபித்துக்கொண்டார். ரேஸுக்கென்றே பிறந்த வண்டி அது.

இறங்கினார். பக்கத்தில் இங்கிலாந்து வண்டி நின்றது.

முப்பது வருடமாக இரண்டுக்கும் ஒரே ஷெட். ஜப்பான்காரன் ஒரே உதையில் எழுந்துவிடுவான். தெருவெல்லாம் புகை. இங்கிலீஷ்காரன் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கெஞ்சினால்தான் எழுவான். தினமும் ஓட்டியது ஜப்பான்காரனைத்தான். மற்றவனைத் துடைத்து வைத்ததோடு சரி.

ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் எல்லாம் பக்கம் மாறி இருக்கும். கியர் வலது காலுக்கு. பிரேக் இடது காலுக்கு. பிரேக்கைத் தூக்க வேண்டியதில்லை, மிதித்தால் போதும்.

இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாசலில் பொள்ளாச்சி மயில்சாமி வேனோடு காத்திருந்தார். இரண்டில் ஒன்றை அவருக்கு விற்பதாகப் பேச்சு. எதை என்று இவர் இன்னும் சொல்லவில்லை. ஒரு சுற்றுப் போய்வந்து சொல்கிறேன் என்றார்.

மனைவி கோகிலா வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள். இங்கிலாந்து வண்டியில் கிளம்பினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு கியருக்கும் வலது கால் சொன்னபடி கேட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு முகத்தில் காற்று. தனியாகச் சிரித்துக்கொண்டார்.

ரேஷன் கடைத் திருப்பத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளோடு குறுக்கே வந்தாள்.

மிதித்தார்.

வலது காலால்.

ஜப்பான்காரனுக்குப் பிரேக் அங்கேதான். இவனுக்கு அங்கே கியர்; மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்கியது. இன்ஜின் அலறியது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. இடது கால் சும்மா இருந்தது. சைக்கிள் கேரியரை உரசி, அணைந்து நின்றது வண்டி.

"சாரி அங்கிள், நான்தான் பாக்கல."

வண்டியை மறுபடி உதைத்து எழுப்பினார்.

முதல் கியரிலேயே திரும்பி வந்தார்.

"அப்ப ஜப்பான் வண்டிய ஏத்திரலாங்களா?" மயில்சாமி கயிற்றை எடுத்தார்.

"ரெண்டையும் எடுத்துக்குங்க."

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள்.

வேனில் ஒன்றுக்குத்தான் இடம் என்றார் மயில்சாமி. இன்னொன்றுக்கு நாளைக்கு வருகிறேன், எதை முதலில் ஏற்றட்டும் என்று கேட்டார்.

"இவன மொதல்ல ஏத்துங்க. ஜப்பான்காரன் நாளைக்கு வரைக்கும் நிக்கட்டும். அவன என்னால ஓட்ட முடியாது, பயமில்ல."

சொல்லிவிட்டாரே தவிர, சாவியைக் கொடுக்கவில்லை. கோகிலாதான் அருகில் வந்து, அவர் விரல்களைப் பிரித்து அதை வாங்கினாள்.