கன்னத்தில் என்ன பொரிப்பொரியா?

சோபாவில் கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருமகள்.

ஆபீஸிலிருந்து வந்த புருஷன் பையைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டான்.

"என்னடி பண்றே?"

"சத்தம் போடாதீங்க. சோபா பாஸ். அந்த மிதியடியை எடுங்க."

"அதுலயுமா?"

"அதுல நீங்க தேயுங்க. ஆம்பளைக் கன்னம் தாங்கும்."

விஷயம் இதுதான். எட்டு மாசக் குட்டியின் இரண்டு கன்னத்திலும் பொரிப்பொரியாகச் சிவந்து கிடந்தது. இவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த மூன்று வாரமாக இதே கூத்து. திங்கட்கிழமை லேசாக ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் உச்சம். சனி, ஞாயிறு இவர்கள் வீட்டில் இருக்கும்போது தானாக அடங்கி, கன்னம் வெண்ணெயாகிவிடும்.

சோப்பை மாற்றினாள். பவுடரை நிறுத்தினாள். கொசுவலை கட்டினாள். பக்கத்து வீட்டுப் பூனையை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தே விசாரித்து அனுப்பினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்று மத்தியானம் தோல் டாக்டர்தான் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பூச்சிக்கடி இல்லம்மா. அலர்ஜியும் இல்ல. சொரசொரப்பா ஏதோ ஒண்ணு தினமும் கன்னத்துல உரசுது. அதைக் கண்டுபிடிச்சு நிறுத்துங்க, மருந்தே வேண்டாம்."

அதற்குத்தான் இந்தப் பாடு. தலையணை உறை, துண்டு, போர்வை, கரடிப் பொம்மை எல்லாம் பாஸாகிவிட்டன. வீட்டில் அவள் கன்னம் படாமல் மிச்சமிருந்தது மாமனார் கையிலிருந்த செய்தித்தாள் ஒன்றுதான்.

அதைக் கேட்டு வாங்க முடியாது. மாமனார் இவளோடு பேசி இரண்டு வருஷமாகிறது. பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்ட கோபம். பிள்ளையோடு மூன்றே மாதத்தில் சமாதானமாகிவிட்டார். மருமகளோடு மட்டும் இன்னும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வழியாகத்தான்.

"காபியில சர்க்கரை பத்தலைன்னு சொல்லு."

"டாக்டர் சொன்ன அளவுதான் போட்டிருக்கேன்னு சொல்லுங்கக்கா."

மூன்றடி தூரத்துக்கு அக்கா தபால் பட்டுவாடா செய்வாள். இப்போது பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

பேத்தி என்று மாமனார் ஒருநாள்கூடத் தூக்கியது கிடையாது. குட்டி தவழ்ந்து பக்கத்தில் வந்தால் போதும், வெள்ளம் வந்த மாதிரி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்வார்.

உள்ளேயிருந்து அக்கா குழந்தையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். மருமகளின் பார்வை அவள் கையில் போய் நின்றது.

"அக்கா, கையைக் காட்டுங்க."

வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, உப்புத்தாள் மாதிரி இருக்கே!"

"பாத்திரம் தேய்ச்ச கைம்மா. பின்ன எப்படி இருக்கும்?"

"இந்தக் கையாலதான் குட்டி கன்னத்தைத் தடவறீங்களா?"

அக்கா குழந்தையைப் பார்த்தாள். செய்தித்தாள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம்மா. என் கைதான்."

"மூணு வாரமா தலையைப் பிச்சுக்கறேன். எத்தனை தடவை கேட்டேன்! தெரியாது தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"விடேன். கைக்குத் தடவ ஏதாவது க்ரீம் வாங்கிக் குடுத்துடலாம்" என்றான் புருஷன், மிதியடியை மெதுவாகக் கீழே வைத்தபடி.

"சொரசொரப்பு எனக்குப் பெரிசு இல்லைங்க. மறைச்சாங்க பாருங்க, அதான். நாளைக்குக் குழந்தை எங்கேயாவது விழுந்தாலும் இப்படித்தானே மறைப்பாங்க? நான் எந்த நம்பிக்கையில ஆபீஸ்ல உட்காருவேன்?"

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் இந்த அக்கா.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்க்கா."

அக்கா குழந்தையைக் கீழே உட்கார வைத்தாள். பையை எடுத்தாள். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தாள். குட்டி தவழ்ந்து போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்தியது.

செய்தித்தாள் மடங்கியது.

"இந்தாம்மா, அவகிட்ட சொல்லு…" என்று வழக்கம்போல அக்காவைப் பார்த்து ஆரம்பித்தார் மாமனார். சொல்ல வேண்டியதே அக்காவைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

எழுந்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான். அவளை அனுப்பாதேம்மா. நாளையிலேர்ந்து தினமும் ஷேவ் பண்ணிட்டுத்தான் பேத்தியைக் கொஞ்சறேன்."