மாகறல் கோவிந்தம்மாள் கேட்டது

அந்த வருஷம் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கடை திறந்தது. மானேஜர் துரைராஜ். கடையில் என்னென்ன வைக்கலாம் என்று வருகிறவர்களிடம் கேட்டு, பேர் ஊரோடு எழுதி அனுப்பும்படி மெட்ராஸிலிருந்து படிவம் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓர் அம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பேர் கோவிந்தம்மாள், ஊர் மாகறல் என்றாள்.

"இந்தப் பொட்டியில தமிழ் எழுத்து கீதா சார்? பட்டாவுக்கு மனு குடுக்கணும். கையால எழுதுனா ஆபீசுல படிக்கவே மாட்டேன்றாங்க."

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, துரைராஜ் படிவத்தில் அவள் பேருக்கு நேரே 'மாட்டுத் தீவனம்' என்று எழுதினான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் எட்டிப் பார்த்து, அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அதைப் படித்துவிட்டது அவனை ராத்திரியெல்லாம் உறுத்தியது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மாகறலுக்குப் போய், கோவிந்தம்மாள் வேலை செய்யும் வயலை விசாரித்துக்கொண்டு போனான். களை எடுத்துக்கொண்டிருந்தவள் வரப்பேறி வந்தாள். அதே முகம், அதே குரல்.

"நேத்து நான் பண்ணது தப்பும்மா. மன்னிச்சிடுங்க."

"நேத்தா? நேத்து முச்சூடும் இங்கதான களையெடுத்துக்கினு இருந்தேன்! நீ யாரு நைனா?"

வயலில் இருந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். அவன் கம்ப்யூட்டர் கடை என்றான். அவள் முகம் மலர்ந்தது.

"நாளைக்கி அங்கதான் வரலாம்னு கீறேன். தமிழ் எழுத்து கீதான்னு கேக்கணும். கேட்டா சிரிப்பாங்களோன்னு கூச்சமா கீது. சிரிப்பாங்களா நைனா?"

துரைராஜால் தலையை நிமிர்த்த முடியவில்லை.