வெண்டலின் முறை

மில்வாக்கியில் எங்கள் விளையாட்டுக் கடையில், ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் மேசையில் வெண்டலின் நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது. பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய கடைசி ஆட்டத்தில், அவர் ஆடிய குள்ளப் பூசாரி பாதாளத்தில் விழுந்தான். விழுந்துகொண்டே மந்திரம் சொல்லலாமா என்று பெரிய சண்டை. ஆட்ட விதிகளை வகுக்கிற சங்கத் தலைமைக்கு எழுதிப் போட்டோம். விதித் திருத்தம் வரும்வரை பூசாரியின் பொம்மையைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. வெண்டலின் இருபது முகப் பச்சைப் பகடையையும் யாரும் எடுக்கவில்லை.

ஆட்டம் நடத்துகிற லோர்னா, அவர் முறை வந்ததும், "வெண்டல், என்னய்யா பண்றே?" என்று கேட்பாள். சற்றுப் பொறுத்து அடுத்தவரிடம் போவாள்.

"செத்துட்டான்னு திருத்தம் வந்துட்டா?" என்றான் எங்களோடு ஆடும் டுவேன் ஒருமுறை.

"வாயைக் கழுவுடா," என்றாள் லோர்னா.

இந்த ஞாயிறு திருத்தம் வந்தது. லோர்னா கைபேசியில் வாசித்தாள். "மந்திரம் சொல்லலாமாம். பகடையில பத்துக்கு மேல விழுந்தா பொழைப்பான். ஆனா அவனவன் பகடையை அவனவன்தான் உருட்டணும்."

"போச்சு போ," என்றான் டுவேன்.

லோர்னா பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "வெண்டல், என்னய்யா பண்றே?"

யாரும் தொடாமலே பச்சைப் பகடை உருண்டது. இரண்டு.

லோர்னா எங்களுக்கு ஒருநாளும் மறுவாய்ப்பு தந்தவள் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

"பென்சில்மேல சாஞ்சு நிக்குது. செல்லாது. இன்னொரு தரம் போடுய்யா."

பென்சில் அவள் காதில் செருகியிருந்தது.

பகடை மறுபடி உருண்டது.